சை கை சேர்க்கை: குவார்ட்டர் கிரெடிட் கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் சைக்காலஜி படிப்பவர்கள், குறிப்பாக சை கை (Psi Chi, நன்றாகப் படிக்கும் சைக்காலஜி மாணவர்களுக்கான ஹானர் சொசைட்டி, அதாவது கௌரவ அமைப்பு) கல்லூரிக் கிளைப் பொறுப்பில் இருந்தவர்கள் பதில் சொன்னால் நல்லது.

இதில் சேர, இளநிலை மாணவர் குறைந்தது 3 செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். சைக்காலஜியில் 9 செமஸ்டர் கிரெடிட், அந்தப் பாடங்களில் 4-க்கு 3.0 ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி). மொத்த ஜிபிஏ, தன் ஆண்டு மாணவர்களில் முதல் 35 சதவீதத்துக்குள். இங்கே ஒப்பீடு சைக்காலஜி துறைக்குள் மட்டும் இல்லை. பலர் சறுக்குவது இதில்தான். சொஃபமோராக (இரண்டாம் ஆண்டில்) இருந்தபோது தேறிய அதே ஜிபிஏ, ஜூனியர் (மூன்றாம் ஆண்டு) பட்டியலில் தேறாமல் போகலாம்.

இப்போது சந்தேகம். செமஸ்டருக்குப் பதில் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில், அந்த 9 செமஸ்டர் கிரெடிட் என்பது 13.5 ஆகிறது. 4 கிரெடிட் பாடம் மூன்று முடித்தால் 12தான். ஒன்றரை கிரெடிட்டுக்காக நான்காவது பாடம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? உங்கள் கிளையில் என்ன செய்தார்கள்?

கணிதத் துறையில் எடுத்த புள்ளியியல் பாடத்தை சைக்காலஜி கிரெடிட்டாக ஏற்கிறார்களா? துறையின் கடிதம் போதுமா, டிரான்ஸ்கிரிப்ட்டிலேயே தெரிய வேண்டுமா?

35 சதவீத வெட்டுப்புள்ளியை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் மாணவரே கேட்டு வாங்கலாமா, இல்லை கிளையின் ஆலோசகப் பேராசிரியர் வழியாகத்தானா?

ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் கிளை ஒப்புதல் இல்லாமல் நகராது என்பதும், கட்டணம் ஒரே முறைதான் என்பதும் தெரியும். இரண்டாண்டுக் கல்லூரிக்கான சை பீட்டா வேறு அமைப்பு, அதைக் கேட்கவில்லை. மதிப்பெண்ணே கேட்காமல் பணம் மட்டும் கேட்கும் ‘ஹானர் சொசைட்டி’ மின்னஞ்சல்களைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம்.