பதுருவாதோவுக்குப் புரவுரிமை பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை வரலாற்றுப் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கிறித்தவமும் பேரரசுகளும் என்னும் அலகில் பொதுச்சங்கம், திரிபுக்கொள்கை முதலிய சொற்கள் பூசலின்றி அமைந்துவிட்டன. போர்ச்சுகல் அரசருக்குத் திருச்சபையில் இருந்த உரிமையைக் குறிக்கும் பதுருவாதோ (Padroado) என்னும் போர்ச்சுகீசியச் சொல்லுக்குத் தமிழ் காண்பது ஒன்றுதான் ஒன்பது நாளாக முடியாமல் நிற்கிறது.

நான் முதலில் எழுதிய ‘அரச ஆதரவு’ போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 15ஆம் நூற்றாண்டு முதல் திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) போர்ச்சுகல் அரசருக்கு அளித்துவந்த இவ்வேற்பாட்டின்படி, கடல்கடந்த நாடுகளில் கோயில் கட்டுவதும் குருக்களுக்குப் படியளப்பதும் அரசரின் கடமை. ஆயரை முன்மொழிவதும் தசமபாகத்தை, அதாவது திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கை, திரட்டுவதும் அவருடைய உரிமை. 1640இல் போர்ச்சுகல் ஸ்பெயின் முடியிலிருந்து பிரிந்தபோது உரோமை புதிய அரசரை நெடுநாள் ஏற்கவில்லை. அவர் முன்மொழிந்தவர்களையும் ஏற்காததால் ஆயர் பதவிகள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தன. வெறும் ஆதரவு என்று எழுதிவிட்டு இதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

‘காப்புரிமை’யோ பதிப்புலகத்தில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது, அதை இனி மீட்க முடியாது.

‘புரவுரிமை’யே என் தேர்வு. புரத்தல் என்றால் காத்தல். புறநானூற்றில் இரவலருக்கு எதிரில் நிற்பவர் புரவலர். சோழர் கல்வெட்டுகளில் புரவு என்பது நிலவரியைக் குறிக்கிறதே, புரவுவரித் திணைக்களம் என்றே ஓர் அலுவலகம் இருந்ததே என்று கல்வெட்டு பயின்ற ஐயா தடை எழுப்பினார். அந்தத் தடையே எனக்குத் துணையாகிறது. காப்பவனே வரியும் தண்டினான் என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேறெங்கே போவது? இருபொருள் மாணவரைக் குழப்பும் என்று அவர் மீண்டும் எழுதக்கூடும். கல்வெட்டைப் படிக்கும் மாணவர் குழம்பமாட்டார், படிக்காதவருக்கு அந்தப் பொருளே தெரியாது என்பது என் எண்ணம்.

பதுருவாதோவை அப்படியே வைக்கலாம் என்று தூத்துக்குடியிலிருந்து எழுதும் அம்மையாரின் மறுப்புக்குத்தான் என்னிடம் முழுமையான விடை இல்லை. கோவா மறைமாவட்டம் 1534இலும் மயிலாப்பூர் 1606இலும் இவ்வுரிமையின் கீழ் எழுந்தன. 1622இல் உரோமை நிறுவிய விசுவாசப் பரப்புப் பேராயம் தன் குருக்களை நேரடியாக அனுப்பவே, யாருடைய குரு என்ற வழக்கு மூண்டது. கொச்சி, மயிலாப்பூர் ஆகியவற்றின் ஆட்சிவரம்பை 1838இல் திருத்தந்தை நீக்கியும் அவ்வழக்கு ஓயவில்லை. இந்திய மண்ணில் ஆயரை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுகல் கைவிட்டது 1950இல்தான். அத்தனை தலைமுறை இந்த வழக்கில் வாழ்ந்த ஊர்களுக்குப் பதுருவாதோ அயற்சொல் அன்று என்கிறார் அவர். தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு விடை சொல்லாமல் வேர்ச்சொற்களையே அடுக்கிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் பாடத்தின் அடுத்த பத்தியிலேயே, 1508இல் ஸ்பெயின் அரசர் அமெரிக்க நாடுகளுக்காகப் பெற்ற அதே வகை உரிமை வருகிறது. அதைப் பதுருவாதோ என்று எழுத முடியாது. இரண்டுக்கும் பொதுவான சொல் தேவை. ஆகவே விளக்கப் பகுதியிலும் ஸ்பெயின் பற்றிய பத்தியிலும் புரவுரிமை இருக்கும். இதற்கு ஐவர் இசைந்துள்ளனர். கொச்சி, மயிலாப்பூர் பற்றிய பத்தியிலும் அதுவே போதும் என்று அவர்கள் சொல்ல, அம்மையார் உடன்பட மறுக்கிறார். அந்தப் பத்தியை மட்டும் வியாழன் இரவுவரை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.