எளிய அச்சில் 0.4, கடின அச்சில் 1.2: படிகத்தை மாற்றி ஒட்டிவிட்டேனா?

ஆறுகெல்வின்: ஆண்டிமனி உருகலில் வளர்த்த சீரியம்-சில்வர்-ஆண்டிமனி (1:1:2) ஒற்றைப்படிகம். கட்டெறும்புத் தலையளவு தகடு. 2 கெல்வினில், தகட்டுக்குச் செங்குத்தாக, அதாவது சி அச்சில், புலம் கொடுத்தால் காந்தமாக்கம் சீரியம் ஒன்றுக்கு 0.4 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தின் அலகு) வரை சட்டென்று ஏறி அப்படியே படுத்துவிடுகிறது. தகட்டின் தளத்தில் கொடுத்தால் நேர்கோடாக ஏறி, 3 டெஸ்லா வாக்கில் 1.2-ஐத் தொட்டு மடங்குகிறது. இது 9.6 கெல்வினுக்குக் கீழே பெர்ரோகாந்தம், எளிய அச்சு (காந்தம் தானாகவே நிற்க விரும்பும் திசை) சி என்றுதான் படித்தேன். கடின அச்சில் மூன்று மடங்கு எப்படி வரும்? கைடிடம் காட்டப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கம்பி: ஃபைல் பெயர் மாறியிருக்கும். எனக்கே இரண்டு தடவை நடந்தது. லாவே படம் (படிகத்தின் திசையைக் காட்டும் எக்ஸ்-கதிர் படம்) எடுத்தீர்களா?

ஆறுகெல்வின்: எடுத்தேன். தகட்டுக்கு நேரே நான்குமடிச் சமச்சீர் பளிச்சென்று தெரிகிறது.

பழையஸ்குவிட்: அப்படியானால் பயப்படாதீர்கள் தம்பி, அளவீடு சரி. எளிய அச்சில்தான் காந்தத் திருப்புத்திறன் பெரிதாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சீரியத்துக்கு மொத்தக் கோண உந்தம் ஜே 5/2, ஆறு நிலைகள். நாற்கோணப் படிகப்புலம் அதை மூன்று இரட்டைகளாகப் பிரிக்கிறது. இந்தப் பொருளில் அடியில் இருப்பது ±1/2 இரட்டை (ஜே-யின் சி கூறு ±1/2). அடுத்தது சுமார் 60 கெல்வின் மேலே, 2 கெல்வினில் அது எட்டாது. ஜே-யைத் திருப்புத்திறனாக மாற்றும் லாண்டே எண் 6/7. சி திசையில் 6/7 × 1/2 = 0.43. இதே இரட்டையில் ஜே-யின் தளக் கூறு 3/2 வரை வரும், ஆகவே தளத்தில் 6/7 × 3/2 = 1.29. உங்கள் இரண்டு எண்களும் வந்துவிட்டன, பாருங்கள்.

தனி அயனியை அதன் போக்கில் விட்டால் தளத்தில்தான் படுக்கும். ஆனால் பக்கத்துச் சீரியங்களுடனான பரிமாற்ற வினை சி கூறுக்கு மட்டும் பலமாக இருக்கிறது. நியூட்ரான் சிதறலில் ஸ்பின் அலைகளை அளந்து இதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிடியிலிருந்து திருப்புத்திறனை முழுசாகத் தளத்துக்குச் சாய்க்கத்தான் உங்களுக்கு 3 டெஸ்லா செலவாகிறது.

அப்புறம், புலத்தை இறக்கும்போது கோடு அதே வழியில் திரும்புகிறதா? ஒருமுறை டிஸ்ப்ரோசியம் தகடு ஒன்றை வெறும் கிரீஸில் ஒட்டிக் கடின அச்சில் 7 டெஸ்லா கொடுத்தேன். நடுவில் அழகான ஒரு தாவல். மெட்டாகாந்த மாற்றம் என்று பெயர் சூட்டி இரண்டு வாரம் குதூகலமாகத் திரிந்தேன். வெளியே எடுத்தால் தகடு ஸ்டிராவுக்குள் (படிகத்தைத் தாங்கும் குழாய்) எழுந்து நிற்கிறது!

ஆறுகெல்வின்: வார்னிஷ் போட்டு ஒட்டியதுதான் அண்ணா. இறங்கும்போதும் அதே கோடு. ஆனால் சி அச்சில் ஏற்றம் செங்குத்தாக இல்லை, 400 எர்ஸ்டெட் வரை சாய்ந்தே போகிறது.

பழையஸ்குவிட்: மெல்லிய தகடுதானே. காந்தநீக்கப் புலம்தான் அது, தகடு தனக்குள்ளேயே எதிர்த்திசையில் உண்டாக்கும் புலம். உங்கள் 0.4-ஐ அலகுக்கூட்டின் கன அளவால் வகுத்து 4π-ஆல் பெருக்கிப் பாருங்கள் (ஒரு கூட்டில் இரண்டு சீரியம்), 450 எர்ஸ்டெட் பக்கம் வரும். அதைக் கழித்துவிட்டு வரைந்து கைடிடம் கொடுங்கள்.

வெள்ளிக்கம்பி: ஃபைல் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.