பிடிஎஃப்பில் ஒலி வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். தொடக்கநிலை 2 பிள்ளைகளுக்காக, அம்மா குரலில் பதிவு செய்த கதையை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒலி சேர்த்த 12 பக்க இன்டராக்டிவ் பிடிஎஃப்பாகச் செய்தேன். விண்டோஸ் 11 மடிக்கணினியில், அக்ரோபேட் ரீடரில், பக்கம் திறந்ததும் அம்மா "ஒரு ஊர்ல..." என்று தொடங்குவது தெளிவாகக் கேட்கிறது. பிள்ளைகளின் டேப்லெட்டில் படம் மட்டும்தான். ஒலிப் பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை.

மூன்று நாளாகப் பார்க்கிறேன். எம்பி3 கோப்பைச் சேர்த்தேன், அப்புறம் எச்.264 எம்பி4 காணொளிக் கோப்பாகவும் சேர்த்துப் பார்த்தேன். உலாவியில் திறந்தாலும் அதே நிலைதான். க்யூஆர் குறியீடு வைக்கலாம், ஆனால் பக்கத்தை விட்டு வெளியே போனால் பிள்ளைகள் வாசிப்புக்குத் திரும்புவதில்லை. சனிக்கிழமை வகுப்பு.

இதையே பக்க அமைப்பு மாறாத இபப் (மின்னூல்) கோப்பாக ஏற்றுமதி செய்தால், டேப்லெட்டில் அந்தப் பக்கத்திலேயே ஒலிக்குமா?