ஸ்காபரோவில் ஒரு மே மாதப் பனி

மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடா சென்றிருந்த எங்களுக்கு, 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றுபோகவே, ஸ்காபரோவிலேயே தங்கிவிட நேர்ந்தது. கொக்குவிலில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வளர்த்துப் பழகிய எனக்கு, பூத்து நிற்கும் தோட்டத்தின் மேல் பனி பொழிவதைப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

அது மே 9ஆம் திகதி, சனிக்கிழமை. துருவப் பக்கத்துக் குளிர்காற்று வழமைக்கு மாறாகத் தெற்கே இறங்கியிருந்தது. முற்றத்தில் டியூலிப் மலர்கள் முந்தின வெயிலில் நன்றாக விரிந்திருந்தன. அன்று காலையிலோ ஒன்று விடாமல் கூம்பியிருந்தன. குளிர்ந்தால் மூடுவதும் சூடு ஏறினால் விரிவதும் அந்தப் பூவின் இயல்பு என்பதால், விழுந்த பனி மகரந்தத்தைத் தொடாமல் இதழ் நுனிகளிலேயே தங்கியது. தண்டுகள் மட்டும் வளைந்து, இலைகள் கண்ணாடி போலக் கரும்பச்சையாக விறைத்திருந்தன. எல்லாம் போய்விட்டதென்று எண்ணித் தட்டிவிடப் போன என்னை, வேலிக்கு அப்பால் நின்ற வடமராட்சிக்காரர் ஒருவர் தடுத்தார்: “அண்ணை, கை வையாதேங்கோ, முறிஞ்சு போடும். வெயில் பட்டா அதுவே நிமிரும்.”

அவர் சொன்னது சரிதான். உறையும்போது இத்தகைய செடிகளின் கலங்களிலிருந்து நீர் வெளியேறி இடைவெளிகளில் பனிக்கட்டியாகிறது. கரைந்ததும் திரும்ப உள்ளே செல்கிறது. உறைந்திருக்கும் நிலையில் தொட்டால்தான் திசு கிழியும். மதியத்துக்குள் பெரும்பாலானவை நிமிர்ந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் கோழிக்கொண்டையைச் சாய்த்துவிட்டுப் போனால் அது ஒருபோதும் இப்படி எழும்பாது.

உண்மையான சேதம் பனியால் வந்ததன்று, அதற்குப் பின் வந்த தெளிந்த இரவால் வந்தது என்பதே என் கணிப்பு. முகில் இருந்தால் நிலத்தின் சூடு ஓரளவு தங்கும். முகிலும் காற்றும் இல்லாத இரவில் அது முழுவதும் மேலே போய்விடும். தை, மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் இப்படியான இரவுகளில்தான். பக்கத்து வீடொன்றில் அவசரப்பட்டு வெளியே நட்ட மிளகாய்க் கன்றுகளும் பெகோனியாவும் விடியும்போது வெந்த கீரையாகக் கிடந்தன. வெப்பநாட்டுச் செடிக்கு உறைவைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. மகளின் கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள் யன்னலோரம் இருந்ததால் தப்பியது (அதற்கு அந்த வீட்டில் கிடைக்கும் மரியாதை எனக்குக்கூடக் கிடைப்பதில்லை).

விக்டோரியா நாள், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை கழியும் வரை மென்மையான கன்றுகளை வெளியே வைக்கலாகாது என்பது அங்குள்ள தோட்டக்காரரின் வழக்கம். முன்னரே நட்டுவிட்டவர்கள் மாலையில் மண்ணை நனைத்து, பழைய படுக்கை விரிப்பை நிலம் வரை தொங்கும்படி போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார்கள். பொலித்தீன் தாளை இலையில் படவிட்டால், பட்ட இடமெல்லாம் கருகும். மகள் வீட்டு ரோசாத் தளிர்களுக்கு நாங்கள் போர்த்தியது இங்கிருந்து கொண்டுபோன பழைய சாரங்களை. அந்த வாரம் அவை இரவில் ரோசாவின் மேலும் பகலில் கொடியிலுமாக இருந்தன. தளிர்களில் ஒன்றும் கருகவில்லை.