ஃப்ளட் பல்ஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தி. (மெல்பேர்ண்):

அன்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுப்படுகை பற்றிய பத்தாம் வகுப்புத் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1997 முதல் 2009 வரை நீண்ட மில்லெனியம் வறட்சி, 2010இல் லா நினாவோடு (பசிபிக் கடல் குளிர்ந்து இங்கே மழை மிகும் காலம்) வந்த வெள்ளம், அதனால் ஆற்றுக்கும் காட்டுக்கும் விளைந்த நன்மை ஆகியவைதான் பாடப்பொருள். ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டோம்: ஃப்ளட் பல்ஸ். ஆறு கரையேறி, சமவெளியில் பரவி, சில வாரமோ சில மாதமோ நின்று, மறுபடி ஆற்றுக்குள் இறங்கும் முழு நிகழ்வுக்கும் அது பெயர். 1989இல் அமேசான் போன்ற பேராறுகளை வைத்து முன்வைக்கப்பட்ட கருத்து. இப்போதைக்கு "வெள்ளத் துடிப்பு" என்று போட்டிருக்கிறோம். இருக்கலாமா?

ந. (மதுரை):

துடிப்பு வேண்டாம் ஐயா. தமிழில் துடிப்பது வேதனையில். இல்லையென்றால் நாடியும் நெஞ்சும். மாதக்கணக்கில் ஊர்ந்து வரும் நீருக்கு ஒட்டாது. வையைப் பாடல்களில் புதுப்புனல் இருக்கிறது. அது போதாதென்றால் "எழுபுனல்" என்போம். வினைத்தொகை, எழுந்த புனல், எழுகின்ற புனல், எழும் புனல் மூன்றும் அடங்கும்.

"வெள்ளம்" என்ற சொல்லையே விலக்க வேண்டும் என்பேன். செய்தியில் வெள்ளம் என்றாலே சேதமும் நிவாரணமும்தான். நன்மையைச் சொல்ல வந்த பாடத்துக்கு அந்தச் சொல்லே பகை. 'வெள்' என்னும் வெண்மையடியில் பிறந்தது என்பார்கள். டார்லிங் ஆற்றில் வருவதோ களிமண் கலங்கல். மலையாளத்தில் வெள்ளம் வெறும் தண்ணீர். பழந்தமிழில் ஒரு பேரெண்ணுக்கும் அதுவே பெயர். இத்தனை சுமையோடு ஒரு கலைச்சொல் எதற்கு?

சு. (அடிலெய்ட்):

பெயர் வைக்குமுன் அங்கே நடப்பதைப் பார்த்துவிடுவோம். நன்மை முழுவதும் ஏற்றத்தில் இல்லை. பாதி, வடியும் விதத்தில் இருக்கிறது.

ஏறும்போது: வெடித்த களிமண்ணுக்குள் நீர் இறங்கும். மண்ணில் காய்ந்து கிடந்த நுண்மிதவை உயிரிகளின் முட்டைகள் சில நாட்களிலேயே பொரியத் தொடங்கும். மீன்குஞ்சுக்கு அதுதான் முதல் இரை. ஆற்று மட்டம் உயர்வதைக் கொண்டே கோல்டன் பெர்ச் மீன் முட்டையிடப் புறப்படும். நின்றிருக்கும்போது: மேல்மண்ணின் உப்பு கீழே கழுவப்படும், உப்பு நிலத்தடி நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலம் சேரும். கீழ் மர்ரேயில் மரங்களின் வேர் அதை நம்பித்தான் இருக்கிறது. ரிவர் ரெட் கம் என்னும் ஆற்றோர யூகலிப்டஸ் காடு அடர்த்தியாக நிற்க ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நனைய வேண்டும். அப்படிப்பட்ட பார்மா–மில்லேவா காடு ஏறத்தாழ 66,000 ஹெக்டேர். வறட்சியில் எத்தனை முறை தவறியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வடியும்போதுதான் தவறு நேரும். அரிவாள் மூக்கன் லிக்னம் புதர்மேல் கூடு கட்டும். முட்டையிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம். அதற்குள் கூட்டின் அடியில் நீர் சட்டென்று இறங்கினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். கரையும் அப்படியே: நனைந்து கனத்த மண், ஆற்றுநீர் தந்த தாங்கல் திடீரென்று போனால் சரிந்து விழும். அதனால்தான் அணையில் திறப்பைக் குறைப்பவர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

"எழுபுனல்" இதில் பாதியைத்தான் சொல்கிறது. மாணவர் அதை ஏழு ஆறு என்று படிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

கு. (யாழ்ப்பாணம்):

ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த சொல் எங்கள் புவியியல் நூல்களில் உண்டு: வற்றுப்பெருக்கு. ஆனால் அது கடலுக்கு, தமிழகத்தார் ஓதம் என்பதற்கு, எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. இங்கும் போட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். "ஏறுவடி வெள்ளம்" என்று வைத்தால் என்ன? ந. ஐயா கேட்ட வினைத்தொகையும் கிடைக்கும்.

தி.:

நன்றி. கூடவே இன்னொன்று: பிளாக்வாட்டர். "கருப்பு நீர்" என்று எழுதியிருந்தோம்.

ந.:

கறுப்பு, வல்லின றகரம். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று தொல்காப்பியம் சினத்துக்குச் சொல்லி, அடுத்த நூற்பாவிலேயே நிறத்துக்கும் உரிய என்கிறது. கருமை, கருநீர் என்றால் இடையின ரகரம். இரண்டையும் கலந்து "கருப்பு" என்று எழுதுவது பிழை.

சு.:

கருநீர் போதும், றகரச் சண்டை மிச்சம். ஆனால் கழிப்பறைக் கழிவுநீருக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பதால் பாடத்தில் ஒரு வரி விளக்கம் அவசியம். இது இலைச்சாறு. யூகலிப்டஸ் சருகு நனைந்த முதல் இரண்டொரு நாளிலேயே கரிமப் பொருள் கரைந்து இறங்கி, நீர் கடுந்தேநீர் நிறமாகும். அளவாக இருந்தால் அதுவே உணவு வலைக்குத் தீனி. மிஞ்சினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தவிக்கும். 2க்குக் கீழே மர்ரே காட் போன்ற பெரிய மீன்கள் செத்து மிதக்கும். ஆண்டுதோறும் நனையும் காட்டில் சருகு சேராது. பத்தாண்டுச் சருகுமேல் கோடை வெள்ளம் ஏறினால்தான் ஆபத்து: சூடேறிய நீரில் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், கரையும் ஆக்சிஜனும் குறைவு. 2010–11இல் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றுவழி ஆறு மாதம் அப்படிக் கிடந்தது. நன்மையைச் சொல்லும் பாடத்தில் இதை விட்டுவிடாதீர்கள். வெள்ளம் கெடுதல் என்று பிள்ளைகள் முடிவு கட்டக்கூடாது. வெள்ளம் நெடுநாள் வராமல் போனதுதான் கெடுதல்.

தி.:

இன்று வியாழன். "ஏறுவடி வெள்ளம்" நான்கு பேர், "எழுபுனல்" ஒருவர், "துடிப்பே இருக்கட்டும், இணையத்தில் தேடினால் கிடைக்கும்" என்போர் இருவர். ஏறுவடி வெள்ளம், கருநீர் இரண்டையும் ஏற்றுகிறோம்.

ந.:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். "வெள்ளம்" பற்றிய என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

சு.:

தி., அடுத்த பாடம் கூப்பர் கிரீக்கும் காட்டி தண்டா–ஏர் ஏரியும்தானே? குயின்ஸ்லாந்தில் பெய்த மழை, 'சேனல் கன்ட்ரி' எனப்படும் பல கால்வாய்கள் பின்னிய சமவெளியில் விரிந்து, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கீழே உள்ள ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாகிப் போகிறது. ஏறும், வற்றும். வடியாது. நம் சொல் அங்கே செல்லாது.

கு.:

அப்படியென்றால் அங்கே வற்றுப்பெருக்குத்தான் பொருந்துகிறது. கடலிடமிருந்து திரும்ப வாங்க முடியுமா என்று யோசியுங்கள்.