சந்தியில் விளக்கு எரியும் முன் கணினியில் சோதிப்பது வீண்வேலையா?

வடலி:
யாழ் நகரில் ஒரு சந்திக்குச் சமிக்ஞை விளக்குப் பொருத்துவதென்றால், விளக்கை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டியை முதலில் கணினிக்குள் ஓடும் போலிப் போக்குவரத்தோடு இணைத்து ஓடவிட வேண்டும் என்கிறேன். அப்படிப் போக்குவரத்தைக் கணினியில் உருவாக்கிக் காட்டும் ஜேர்மன் விண்வெளி மையத்தின் சுமோ மென்பொருள் 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ட்ராசி இடைமுகம் வழியாக வெளியிலுள்ள நிரல் உணரிகளைப் படித்து விளக்கை மாற்றலாம். பெட்டிக்கும் சுமோவுக்கும் நடுவே ஓர் இணைப்பை எழுதினால் போதும்.

சந்திக்கடை:
தம்பி, என் கடை ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள். பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் இடையில் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து நிறுத்தற்கோட்டையும் தாண்டி நிற்கும். பச்சை விழுமுன் பாதி போய்விடும். கணினியிலோ எல்லாம் பள்ளிப் பிள்ளைகள்போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அந்தக் கணக்கை நம்பியா காசைக் கொட்டுவது?

வடலி:
அதற்கும் வழி உண்டு, அண்ணை. தடத்தைக் குறுக்கே கீற்றுகளாகப் பிரிக்கும் வசதி சுமோவில் இருக்கிறது. கீற்று 0.8 மீற்றர் என்று கொடுத்தால் மோட்டார் சைக்கிள் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இடப்பக்க ஓட்டத்துக்கும் ஒரு தெரிவு உண்டு.

கொக்குவிலான்:
கீற்று இருக்கட்டும். 300 செக்கன் அசையாமல் நிற்கும் வாகனத்தைச் சுமோ தானாகவே தூக்கி முன்னாலுள்ள வீதியில் போட்டுவிடும் என்பதை வடலி சொல்லவில்லையே? அந்த வசதியை நிறுத்தாமல் ஓடவிட்டு, நெரிசல் கரைந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: உண்மையான பெட்டி சுவர்க்கடிகார நேரத்தில் இயங்கும். கணினி ஒரு செக்கன் பிந்தினாலும் சோதனை பொய்.

ஆனால் சந்திக்கடை அண்ணையின் வாதமும் முழுதாகச் சரியில்லை. பெட்டியைச் சோதிப்பது ஒரு வேலை, நெரிசலை எதிர்வுகூறுவது வேறு வேலை. மின்சாரம் போய் வந்தால் பெட்டி எந்த நிலையில் எழும்புகிறது? உணரி பழுதாகி, ‘வாகனம் நிற்கிறது’ என்று ஓயாமல் சொன்னால் மற்றப் பக்கத்துக்குப் பச்சை கிடைக்குமா? பாதசாரி பொத்தானை அழுத்தியதும் மஞ்சள் குறுகுகிறதா? இவற்றைப் பார்க்க ஓட்டுநரின் குணம் அச்சொட்டாக வேண்டியதில்லை. புகையிரதக் கடவை மூடி, வாகன வரிசை சந்திவரை வந்துவிட்டது என்று வையுங்கள். வெளியேற இடமில்லாத பக்கத்துக்கே பெட்டி பச்சை கொடுத்துக்கொண்டிருந்தால்? வீதியில் வைத்துப் பார்க்கக்கூடிய விஷயமா இது?

சந்திக்கடை:
சரி, பழுது பார்க்கத்தான் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசியில் மாநகரசபைக்குப் போகும் அறிக்கையில் ‘தாமதம் இத்தனை வீதம் குறையும்’ என்று ஒரு வரி எப்படியோ புகுந்துவிடும். அந்த வரியைக் காட்டித்தான் வீதியோரக் கடைக்காரனை எழுப்புவார்கள்.

வடலி:
ஒரே வாகனத் தொகையில் விளக்குக்கான இரண்டு நேரத்திட்டங்களை ஒப்பிட்டால் எது மேல் என்றாவது தெரியுமே?

கொக்குவிலான்:
தெரியாது. விளக்கு நேரத்தைக் கணிக்க ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958இல் தந்த சூத்திரம் தொட்டு இன்றுவரை இந்தக் கணக்குகள் பெரும்பாலும் நிரம்பல் ஓட்டத்தில் தங்கியிருக்கின்றன: வரிசையில் நிற்கும் வாகனங்கள் பச்சையில் மணிக்கு எத்தனை என்ற வீதத்தில் கோட்டைத் தாண்டும் என்பதுதான் அது. முன்னால் இருபது மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் சந்தியில் முதல் சில செக்கன்களில் பாய்வதும் பிறகு பஸ் நகர்வதும் ஒரே எண்ணில் அடங்காது. கார்களுக்கு அளந்த எண்ணைப் போட்டால் ஒப்பீடே தலைகீழாகலாம்.

வடலி:
அப்படியென்றால் நாமே அளப்போம். சந்திக்கடை அண்ணையின் மேல்மாடியில் ஒரு கமரா வைக்க இடம் தருவாரா?

சந்திக்கடை:
தருகிறேன். நல்லூர்த் திருவிழா நாட்களில் மட்டும் எண்ணிவிட்டு அதுதான் யாழ்ப்பாணம் என்று எழுதாதீர்கள். அந்த 25 நாளும் வீதி மூடல்களால் போக்குவரத்தே வேறு வழிகளில் திரும்பியிருக்கும். தாமதக் கணக்கு வரி இல்லாத அறிக்கையின் நகலை முதலில் இங்கே போடுங்கள். கமராவைப் பிறகு கொண்டுவாருங்கள்.