வயலில ஏறின மணல அள்ள ஆரும் காசு தருவாங்களா?

படுவான்பொடியன்:
மட்டக்களப்பில கிரானுக்கு அங்கால முந்தனையாத்துப் பக்கம் அப்பாட ரெண்டரை ஏக்கர். வெள்ளத்தில வேளாண்மை போனது ஒரு பக்கம். மேல்வரவைப் பக்கம் முக்கால் ஏக்கரில முழங்காலளவு மணல் ஏறிக் கிடக்கு. வரம்பு எங்க இருந்ததெண்டே தெரியல்ல. அப்பா மண்வெட்டிப் பிடியக் குத்திக் குத்தி ஆழம் பார்த்துத் திரியிறார்.

பார்க்க வந்த உத்தியோகத்தர் பயிர் அழிவ எழுதினார். மணலக் காட்டினன். "இந்தப் படிவத்தில அதுக்கு இடமில்ல தம்பி" எண்டார். மண் அள்ளுற பெக்கோ மெசின்காரன் மணித்தியாலக் கணக்கில காசு கேக்கிறான். அமெரிக்காவில, அயோவாவில இருக்கிற மச்சான் சொல்றான், அங்க இதுக்கெண்டே அரசாங்கம் காசு குடுக்குதாம். ஆள் கொஞ்சம் புளுகன். உண்மையா?

அக்கரைக் காக்கா:
இந்த முறை புளுகல்ல தம்பி. அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துப் பண்ணைச் சேவை முகவரகம்தான் நடத்துது. பயிருக்கில்ல, நிலத்துக்கு. மணல், குப்பை அகற்ற, நிலத்த மட்டப்படுத்த, அறுந்த வேலியத் திருப்பிக் கட்ட. செலவில 75 வீதம் வரைக்கும் தருவாங்க, புதுசாக் கமம் தொடங்கினவனுக்கும் வசதி குறைஞ்சவனுக்கும் 90 வரைக்கும். ஒரு அனர்த்தத்துக்கு ஒரு ஆளுக்கு உச்சம் 5 இலட்சம் டொலர். ஆனா காணிப் பெறுமதியில பாதிக்கு மேல போகாது.

எனக்குப் பிடிச்சது வேற. ஆருக்குக் குடுக்கிற எண்டு பார்க்கிறது அந்தந்தக் கவுண்டியில (எங்கட மாவட்டம் மாதிரி) கமக்காரரே வாக்குப்போட்டுத் தெரிஞ்ச குழு. வயலுக்குத் தண்ணி பங்கிடுற எங்கட வட்டவிதானைமார் கையில காசோலைப் புத்தகமும் இருந்தா எப்படியிருக்கும், அப்படி.

பழைய போடியார்:
அந்தத் திட்டத்துக்கு வழிவிட்ட சட்டம் 1978ல வந்தது. அதே வருசம் நவம்பர் 23ல எங்களுக்குச் சூறாவளி வந்தது. வயலுக்குள்ள விழுந்து கிடந்த தென்னைகள நாங்க கோடாலியால தறிச்சி இழுத்தம். வீதமும் இல்ல, படிவமும் இல்ல.

படுவான்பொடியன்:
ஐயா, கேக்கவே கை நோகுது. மறுகா, நான் இப்ப என்ன செய்ய? நாளைக்குப் பெக்கோ வருது.

அக்கரைக் காக்கா:
நிப்பாட்டு! அங்கயும் விண்ணப்பிக்க முந்தி வேலையத் தொடங்கினா பொதுவாக் காசில்ல, வந்து பார்த்த பிறகுதான். இஞ்ச திட்டமே இல்லாட்டியும் கண்ணால காட்ட மணல் வேணும். வரம்புக்கல்லோட சேர்த்துப் படம் எடு. வட்டவிதானையிட்டயும் கமக்காரர் அமைப்பிட்டயும் கடிதம் வாங்கு. அள்ளின மணல ரக்டரில ஏத்தி வித்துப்போடாத. உன்ட வயல் மணல் எண்டாலும் அனுமதிப்பத்திரம் இல்லாம ரோட்டுக்கு ஏத்தினா பொலிஸ் மறிக்கும். வரம்புக்குப் போடு.

படுவான்பொடியன்:
பெக்கோவ நிப்பாட்டிட்டன் காக்கா. அப்பாட்ட 75 வீதக் கதையச் சொன்னன். "75 வேணாம்டா, டீசல் காசத் தந்தாக் காணும்" எண்டுபோட்டுத் திரும்பவும் மண்வெட்டியத் தூக்கிக்கொண்டு போறார்.